தனிப் பொதியில் வைக்கப்பட்ட பகுதி

நமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் பாடசாலையின் வரலாற்றையும் அதிபர்களின் வரலாற்றையும் இல்ல விளையாட்டுப் போட்டிகளின் வரலாற்றையும் வேறு சகோதரிகள் எழுதுகிறார்கள். நாம் இங்கே எடுத்துக்கொண்டது ஒரு கற்பித்தல் சாதனத்தின் வரலாறு. தோல் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை வைத்து, உள்ளே இருப்பதை வெளியே நின்றபடியே பார்க்க வைக்கும் மாதிரியுருவின் வரலாறு அது. மனித உடல், மோட்டார் வாகனம், இயந்திரம் என்று பல வடிவங்களில் அது வந்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் ஆளுயரத்தில் நின்றிருக்கிறது. பிள்ளைகள் மேசையில் வைத்துப் பொருத்தும் சிறு பெட்டியாகக் கடைக்கும் வந்திருக்கிறது.

இதற்கும் ஒரு பெண்கள் பாடசாலை மலருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் 1960 ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு பெட்டியில் இருக்கிறது. ரென்வோல் என்ற நிறுவனம் வெளியிட்ட அந்தப் பெட்டியின் பெயர் ‘விசிபிள் வுமன்’, அதாவது உள்ளுறுப்புத் தெரியும் பெண். எலும்புக்கூடு, இதயம், நுரையீரல், ஈரல், குடல் எல்லாம் துண்டு துண்டாக அதில் இருந்தன. பிள்ளை அவற்றைப் பொருத்தி, வர்ணம் பூசி, ஒளிபுகும் உடலுக்குள் அடுக்க வேண்டும். ஆனால் கருவைத் தாங்கிய கர்ப்பப்பைக்குரிய பகுதிகள் மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாகப் பொதியப்பட்டிருந்தன. ‘சிருஷ்டியின் அற்புதம்’ என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் வைத்து, விரும்பினால் மட்டும் சேர்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். பெற்றோர் விரும்பாவிட்டால் அந்தப் பொதியைப் பிள்ளையின் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடலாம்.

உடலின் உள்ளே எல்லாவற்றையும் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளிலும் இந்த ஒரு பகுதிக்கு மட்டும் தனிப் பொதி. நமது தலைமுறைப் பெண்கள் பலருக்கு இது புதினமான செய்தியாக இராது. அந்தப் பொதியை நாம் வேறு வடிவத்தில் கண்டிருக்கிறோம்.

துணியால் செய்த வயிறு

உள்ளே இருப்பதைக் காட்டிக் கற்பிக்கும் வழக்கம் பிளாஸ்டிக்குக்கு மிகவும் முற்பட்டது. 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மடம் டு கூத்ரே என்ற மருத்துவ மாது இருந்தார். கிராமப்புறங்களில் பிரசவத்தின்போது தாய்மாரும் சிசுக்களும் இறப்பதைக் குறைக்க வேண்டும் என்று 1759 இல் மன்னர் 15 ஆம் லூயி அவரை நாடெங்கும் சென்று கற்பிக்கும்படி பணித்தார். எழுத வாசிக்கத் தெரியாத பெண்களுக்குப் புத்தகத்தால் என்ன பயன்? ஆகவே அவர் துணி, தோல், பஞ்சு கொண்டு ஒரு பெண்ணின் இடுப்பையும் வயிற்றையும் ஆளளவில் தைத்தார். உள்ளே துணியால் செய்த குழந்தை. குழந்தை குறுக்கே கிடந்தால் கையை எப்படி வைப்பது, கால் முதலில் வந்தால் என்ன செய்வது என்று அதில் தொட்டுப் பழக்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவர் கற்பித்தார். அவருடைய துணி மாதிரிகளில் ஒன்று ரூவன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அதே நூற்றாண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மெழுகால் அழகிய பெண் உருவங்களைச் செய்தார்கள். மார்பையும் வயிற்றையும் மூடிபோலக் கழற்றினால் உறுப்புகள் அடுக்கடுக்காக வெளிப்படும். 1775 இல் திறக்கப்பட்ட லா ஸ்பெகோலா அருங்காட்சியகத்தில் அவை உள்ளன. மெழுகு உருவம் கண்ணால் பார்ப்பதற்கானது. கையால் பழகுவதற்கு மடம் டு கூத்ரேயின் துணி உருவமே உதவியது. பெண்ணுடலைக் காட்டும் மாதிரியுருக்கள் இன்றுவரை இந்த இரண்டு வழியில் ஒன்றிலேயே போகின்றன என்று சொல்லலாம்.

உடலை ஒளிபுகச் செய்யலாம் என்ற எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜேர்மனியின் லைப்சிக் நகர உடற்கூற்றுப் பேராசிரியர் வேர்னர் ஸ்பால்டெஹோல்ஸ். இறந்தவரின் உறுப்பை நிறம் நீக்கி, நீர் நீக்கி, வின்டர்கிரீன் தைலம் போன்ற ஒரு திரவத்தில் ஊறவைத்தால் அது கண்ணாடிபோல ஆகிவிடும். நிறமூட்டப்பட்ட இரத்தக் குழாய்கள் மட்டும் உள்ளே கொடிபோலத் தெரியும். இதன் சூட்சுமம் நமக்குப் பழக்கமானதுதான். வடை சுற்றிய தாளில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் வெளிச்சம் விடுவதைப் பார்த்திருக்கிறோம். தாளின் நார்களுக்கு இடையில் காற்று இருக்கும்வரை ஒளி சிதறுகிறது. காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்ததும் நாரின் முறிவுச் சுட்டியும் அதைச் சூழ்ந்திருப்பதன் முறிவுச் சுட்டியும் நெருங்கிவிடுகின்றன. சிதறுவது குறைந்து ஒளி ஊடுருவிப் போகிறது. ஸ்பால்டெஹோல்ஸ் செய்ததும் இதுவே.

டிறெஸ்டனில் எழுந்து நின்ற கண்ணாடி மனிதர்

1911 இல் ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் சர்வதேச சுகாதாரக் கண்காட்சி நடந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் கார்ல் ஓகஸ்ட் லிங்னர். ஒடோல் என்ற வாய் கொப்பளிக்கும் திரவத்தை விற்றுப் பெரும் பணக்காரரான அவர், தன் உடலைப் பற்றி அறிந்தவரே அதைப் பேணுவார் என்று நம்பினார். அந்தக் கண்காட்சியின் வழியில் ஜேர்மன் சுகாதார அருங்காட்சியகம் உருவானது. 1930 இல் அதன் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது நடுநாயகமாக நின்றது ‘கண்ணாடி மனிதர்’. பிரான்ஸ் சகேர்ட் என்ற நுட்பவியலாளர் தலைமையில் அதைச் செய்தார்கள்.

பெயரில் கண்ணாடி இருந்தாலும் பொருள் கண்ணாடி அல்ல. செலோன் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் தோலைச் செய்து, உள்ளே எலும்புக்கூட்டையும் உறுப்புகளையும் வைத்து, நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் கிலோமீற்றர் கணக்கான மெல்லிய கம்பியால் இழைத்தார்கள். இரு கைகளையும் மேலே உயர்த்தியபடி அவ்வுருவம் நின்றது. ஒவ்வொரு உறுப்பாக உள்ளே விளக்கு எரியும்போது அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று பார்வையாளர் அறிந்துகொண்டார்கள். வைத்தியர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காட்சியை நுழைவுச் சீட்டு வாங்கிய தொழிலாளியும் அவர் மனைவியும் பார்த்தார்கள்.

சில ஆண்டுகளில் ‘கண்ணாடிப் பெண்ணும்’ செய்யப்பட்டார். 1936 இல் அமெரிக்காவுக்கு அவரை வரவழைத்துப் பல நகரங்களிலும் காட்டியவர் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த காம்ப் என்ற வியாபாரி. இடுப்புக்கும் வயிற்றுக்கும் கட்டும் தாங்கு கச்சைகளைத் தயாரித்து விற்றவர் அவர். பெண்ணின் உள்ளுடலைப் பார்க்க வந்த கூட்டத்துக்குக் கச்சை விளம்பரமும் சேர்ந்தே கிடைத்தது.

இந்த வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பக்கமும் உண்டு. 1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அதே டிறெஸ்டன் அருங்காட்சியகம் அவர்களுடைய ‘இனச் சுகாதார’ப் பிரசாரத்துக்குப் பயன்பட்டது. எந்த உடல் தகுதியானது, எது வாழத் தகுதியற்றது என்று மக்களுக்குப் போதிக்கும் இடமாக அது மாறியது. உடலைத் திறந்து காட்டினால் மட்டும் போதாது, காட்டுபவர் கூடவே என்ன சொல்கிறார் என்பதையும் கேட்க வேண்டும் என்று அந்த அனுபவம் கற்பித்தது. 1945 பெப்ரவரிக் குண்டுவீச்சில் அந்தக் கட்டடம் பெரும் சேதமடைந்தது. யுத்தத்தின் பின்னர் அங்கே மீண்டும் ஒளிபுகும் உருவங்களைச் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பினார்கள்.

ஒரே கண்காட்சியில் இரண்டு காட்சிகள்

1939 இல் நியூயோர்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் மண்டபத்தில் ஒரு பொன்ரியாக் மோட்டார் வாகனம் நின்றது. அதன் உடல் முழுவதும் பிளெக்ஸிகிளாஸ் என்ற ஒளிபுகும் அக்ரிலிக் பிளாஸ்டிக். கதவுக்குள் ஜன்னல் எப்படி இறங்குகிறது, இயந்திரம் எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்று சுற்றிவந்து பார்க்கலாம். டயர்கள்கூட வெள்ளை இறப்பர். மக்கள் அதற்குப் ‘பேய்க் கார்’ என்று பெயர் வைத்தார்கள். அதைச் செய்ய அக்காலத்தில் 25,000 டொலர் செலவானது. 2011 இல் ஏலத்தில் அது 308,000 டொலருக்குப் போனது.

அதே கண்காட்சியின் இன்னொரு பக்கத்தில், கரு உருவாவது முதல் குழந்தை பிறப்பது வரையிலான சிற்பத் தொடர் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. வைத்தியர் ரொபேர்ட் டிக்கின்சனும் சிற்பி ஏப்ரம் பெல்ஸ்கியும் அதைச் செய்தார்கள். கர்ப்பப்பையை நடுவே வெட்டிக் காட்டியதுபோல மாதந்தோறும் குழந்தை எப்படிக் கிடக்கிறது, எப்படித் திரும்புகிறது, எப்படி வெளியே வருகிறது என்று சுவரோரம் வரிசையாக இருந்தன. அதைப் பார்க்கப் பெண்களும் ஆண்களும் வரிசையில் நின்றார்கள். அதன் பிரதிகள் பிறகு அருங்காட்சியகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் போயின. டிறெஸ்டனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த புரூனோ கெப்ஹார்ட் என்பவர் பொறுப்பேற்ற கிளீவ்லாந்து சுகாதார அருங்காட்சியகம் இத்தகைய காட்சிகளின் இருப்பிடமானது. 1950 இல் ‘ஜூனோ’ என்ற கண்ணாடிப் பெண்ணும் அங்கே வந்து சேர்ந்தார்.

அம்மம்மாவின் கண்ணுக்குள் வந்த பிளாஸ்டிக்

அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் கதையில் நம் வீடுகளைத் தொடும் ஒரு சம்பவமும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் போர் விமானங்களின் ஓட்டி அறைக் கூரையை பேர்ஸ்பெக்ஸ் என்ற அதே வகைப் பிளாஸ்டிக்கால் செய்தார்கள். குண்டு பட்டுக் கூரை சிதறும்போது அதன் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர், அத்துணுக்குகள் கண்ணுக்குள் கிடந்தும் கண் அவற்றை எதிர்த்து வீங்கவில்லை என்பதைக் கவனித்தார். அப்படியானால் அந்தப் பொருளாலேயே வில்லையைச் செய்து வைத்தால் என்ன என்று யோசித்தார். 1949 நவம்பர் 29 அன்று இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் கண்புரை நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக அப்படி ஒரு வில்லையைப் பொருத்தினார். இன்று ‘லென்ஸ் வைச்சது’ என்று சொல்லிக்கொண்டு நம் அம்மம்மாமாரும் உம்மம்மாமாரும் மீண்டும் அரிசியில் கல் பொறுக்குவதற்கு அந்த விமானக் கூரையே ஆதி.

மேசைக்கு வந்த பெட்டி

யுத்தத்தின் பின்னர் பிளாஸ்டிக்கை உருக்கி உருக்கு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் முறை பெருகியது. கப்பல், விமானம், மோட்டார் வாகனம் எல்லாம் துண்டுகளாகப் பெட்டியில் வந்தன. வீட்டில் இருந்தபடி பசை கொண்டு ஒட்டிக் கட்டலாம். இவற்றில் ஒளிபுகும் துண்டுகளே மிகவும் சிரமமானவை. அச்சில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் துண்டில் தெரியும். பொலிஸ்டைரீன் பசை ஒரு துளி கூடுதலாகப் பட்டால் ஜன்னல் பனிமூடியதுபோல மங்கிவிடும். அதனால் பழகியவர்கள் ஒளிபுகும் துண்டுகளுக்கு மட்டும் காய்ந்ததும் நிறமற்றுப்போகும் வெள்ளைப் பசையைப் பாவிப்பார்கள். உடல் முழுவதும் ஒளிபுகும் மாதிரியென்றால் இன்னும் கடினம். மற்ற மாதிரிகளில் உள்ளே ஒழுங்கில்லாமல் ஒட்டினாலும் மூடிவிட்டால் சரி. இதில் மூட முடியாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டும் சரியாக இருக்க வேண்டும்.

1950களின் இறுதியில் ரென்வோல் நிறுவனம் ‘விசிபிள் மேன்’ என்ற ஆண் உருவத்தை வெளியிட்டது. உயரம் ஏறத்தாழ 16 அங்குலம், மனிதனின் ஐந்தில் ஒரு பங்கு. வடிவமைத்தவர் மார்செல் ஜோவின். இத்தாலியில் பிறந்த அவர் யுத்தத்தில் கைதியாகி அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர். பின்னர் அங்கேயே குடியேறிச் சிற்பியானார். 1987 இல் அமெரிக்க அரசியலமைப்பின் 200 ஆண்டு நிறைவுக்கு வெளியான ஐந்து டொலர் தங்க நாணயமும் அவருடைய கைவண்ணம்தான். ஆண் உருவத்தைத் தொடர்ந்து பெண் உருவம் வந்தது. உள்ளே பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும் வி-8 இயந்திரமும், நாய், குதிரை போன்ற பிராணிகளும் வந்தன. பெண் உருவத்தில் மட்டும் முன்னர் சொன்ன தனிப் பொதி இருந்தது.

உள்ளே காட்டலாமா கூடாதா என்ற சண்டை வேறொரு இடத்திலும் எழுந்தது. ரெவல் நிறுவனம் பொலாரிஸ் ஏவுகணை தாங்கும் அணு நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரிப் பெட்டியை வெளியிட்டது. அதன் பக்கத்தைத் திறந்தால் உள்ளறைகள் தெரியும். அணு நீர்மூழ்கிகளின் தந்தை எனப்படும் கடற்படை அதிகாரி ஹைமன் ரிக்கோவர் 1961 இல் இதைக் கண்டித்தார். 2.98 டொலர் கொடுத்தால் எதிரிக்கு நமது இரகசியம் கிடைத்துவிடுகிறதே என்பது அவருடைய முறைப்பாடு. இராணுவ இரகசியத்தைக் காப்பதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஒரு பெண் பிள்ளையிடமிருந்து அவளுடைய சொந்த உடலின் அமைப்பைக் காப்பதற்கு என்ன நியாயம் சொல்வது?

தமிழில் உடலைத் திறந்தவர்

இலங்கையில் இந்தத் திறப்பு முதலில் மாதிரியுருவால் நடக்கவில்லை. சொற்களால் நடந்தது. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்ற வைத்தியர் ஊரைவிட்டுப் போய்விடுவார், தமிழில் கற்றவர் ஊரிலேயே இருந்து சேவை செய்வார் என்று கருதித் தமிழுக்கு மாறினார். மருத்துவ நூல்களைத் தம் மாணவருடன் சேர்ந்து மொழிபெயர்த்தார். ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்பன அவற்றுள் சில. 19 ஆம் நூற்றாண்டிலேயே பிரசவத்தைப் பற்றித் தமிழில் விளக்கமான விஞ்ஞான நூல் இருந்தது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் படித்தவர்கள் ஆண் மாணவர்கள். அதன் பக்கங்களில் விளக்கப்பட்ட உடலுக்குரிய பெண்கள் அதை வாசிக்கும் நிலையில் அன்று இருக்கவில்லை.

பெண்களுக்கு அந்த அறிவைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவ மாதுக்களே. 1879 இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று இல்லம் திறக்கப்பட்டது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி, வீடு வீடாகச் செல்லும் மருத்துவ மாதின் பணி நாடெங்கும் பரவ வழி திறந்தது. 1930களில் இந்த நாட்டில் நூறு பிறப்புக்கு ஏறத்தாழ இரண்டு தாய்மார் இறந்தார்கள். இன்று ஒரு இலட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ முப்பது பேர். இந்தப் பெரும் மாற்றத்துக்கு மருந்தும் வீதியும் வைத்தியசாலையும் மலேரியா ஒழிப்பும் காரணம். இலவசக் கல்வியால் பாடசாலைக்கு வந்த பெண் பிள்ளைகளும் காரணம். நம் சங்கத்தின் பழைய பெயர்ப் பதிவுகளைப் புரட்டினால் மருத்துவ மாதாகவும் தாதியாகவும் போன சகோதரிகள் வரிசையாக வருவார்கள். களப்பைத் தாண்டி வள்ளத்தில் போய்ப் பிரசவம் பார்த்தவர்களும் அவர்களில் உண்டு.

நமது கரையில்

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளம், கற்பிட்டி வரை நீளும் நமது கரை ஒளிபுகும் உடல்களுக்குப் பெயர்போனது. 1980களில் இங்கே இறால் பண்ணைகளும் குஞ்சு பொரிப்பகங்களும் பெருகின. கடலில் பிடித்த தாய் இறாலை இருட்டில் தூக்கி, டோர்ச் வெளிச்சத்தை அதன் முதுகுப் பக்கமாகப் பிடித்துப் பார்ப்பார்கள். ஓட்டின் ஊடாக முட்டைப்பை கரும்பச்சைக் கோடாகத் தெரியும். வயிற்றின் முதல் வளையத்தருகே அக்கோடு வைர வடிவில் அகன்றிருந்தால் அன்றிரவோ மறுநாளோ முட்டையிடும் என்று கணிப்பார்கள். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளை அழிக்கும்வரை எத்தனையோ குடும்பங்களின் சோறு அந்தக் கணிப்பில்தான் இருந்தது. இறாலின் முட்டைப்பை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வாப்பாமாரும் அண்ணன்மாரும் திண்ணையில் இருந்து உரக்கப் பேசியதை நாம் கேட்டு வளர்ந்தோம். அதில் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை.

வகுப்பறையில் நிலைமை வேறு. ஆய்வுகூட மேசையில் ஒரு மனித உடல் மாதிரியுரு இருந்தது. இதயத்தைக் கழற்றிக் கையில் தந்தார்கள். சிறுநீரகத்தைக் கழற்றித் தந்தார்கள். அடிவயிற்றுக்குரிய துண்டு மட்டும் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. இனப்பெருக்கத் தொகுதி என்ற பாடம் வந்ததும் “இதை வீட்டில வாசிச்சுக்கொள்ளுங்க, பரீட்சைக்குப் பெரிதாக வராது” என்ற குரல் கேட்டது. இது ஒரு பாடசாலையின் கதை மட்டும் அல்ல. சங்கக் கூட்டங்களில் பேசிப் பார்த்தால், சாதிமத வேறுபாடு இல்லாமல், நகரம் கிராமம் என்ற வேறுபாடு இல்லாமல், வேறு பாடசாலைகளில் படித்து இங்கே ஆசிரியைகளாக வந்தவர்களும் அதையே சொல்கிறார்கள். அந்த ஆசிரியைகளுக்கும் அவர்களுடைய காலத்தில் அதே பக்கங்கள் தாண்டப்பட்டிருந்தன.

அதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். பெரிய பிள்ளையான அன்று தனக்கு ஏதோ தீராத நோய் வந்துவிட்டது என்று கிணற்றடியில் ஒளிந்து நின்றவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அன்று மாலையே மாமிமாருக்குச் சொல்லி அனுப்பினார்கள். தண்ணீர் வார்க்க நாள் பார்த்தார்கள். பலகாரம் செய்தார்கள், பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்டிய வீடுகளும் உண்டு. ஊருக்கெல்லாம் அறிவித்தார்கள். உள்ளே என்ன நடந்தது, அது ஏன் மாதந்தோறும் வருகிறது என்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒருவரும் அறிவிக்கவில்லை.

அறியாமை அந்த ஒரு நாளோடு முடியவும் இல்லை. எந்த வலி வழமையானது, எதற்கு வைத்தியரிடம் போக வேண்டும் என்று தெரியாமல் ஆண்டுக்கணக்காகப் பொறுத்தவர்கள் உண்டு. கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குக் கிளினிக்கில் அழைத்தபோது அது உடலின் எந்த இடம் என்று தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டுத் திரும்பிவந்தவர்கள் உண்டு. பெயர் தெரியாத இடத்தில் வரும் நோயை எப்படிச் சொல்வது?

இப்போது நம் கையில்

1994 இலும் 1995 இலும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் ஓர் ஆண் உடலையும் ஒரு பெண் உடலையும் மிக மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களாக்கி வெளியிட்டது. பெண் உடலை மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்குத் தடிப்பில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்களாக எடுத்தார்கள். அதற்கு வைத்த பெயரும் ‘விசிபிள் ஹியூமன்’ என்பதே. இன்று பிள்ளையின் கையில் உள்ள தொலைபேசியிலேயே உடலைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். அதே தொலைபேசியில் பொய்யும் அசிங்கமும் அதைவிட வேகமாக வந்து சேர்கின்றன. டிறெஸ்டன் வரலாறு சொன்னதுபோல, காட்டுபவர் யார், கூடவே என்ன சொல்கிறார் என்பது இப்போதும் முக்கியம். நாம் சொல்லாமல் விட்ட இடத்தில் வேறு யாரோ சொல்லிக்கொடுப்பார்கள்.

ஆகவேதான் மேசையில் வைத்துக் கையால் பொருத்தும் மாதிரியுருவுக்கு இன்னும் வேலை இருக்கிறது. திரையில் விரலால் தள்ளிவிடுவது போலக் கையில் எடுத்த துண்டைத் தள்ளிவிட முடியாது. அது எங்கே பொருந்தும் என்று தேட வேண்டும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதன் பெயரைச் சொல்லித் தோழியிடம் கேட்க வேண்டும். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பிள்ளை பிறகு தாயிடமும் மருத்துவ மாதிடமும் அதைச் சொல்லக் கூசமாட்டாள்.

உலகெங்கும் பரந்திருக்கும் சகோதரிகளே, நூற்றாண்டை முன்னிட்டுப் பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் கேட்கிறீர்கள். வாயில் வளைவும் நினைவுக் கல்லும் நல்லவைதான். அவற்றோடு ஆய்வுகூடத்துக்கு ஒளிபுகும் உடல் மாதிரியுருக்களும் வாங்கித் தருவோம். பெண் உருவம் கட்டாயம் இருக்கட்டும். குழுக் குழுவாகப் பிள்ளைகளே பொருத்திப் பழகுவதற்குச் சிறிய பொருத்துப் பெட்டிகள் சிலவும் இருக்கட்டும். எல்லாத் துண்டுகளுக்கும் தமிழ்ப் பெயர் எழுதி ஒட்டுவோம். நம்மிடையே உள்ள ஓய்வுபெற்ற மருத்துவ மாதுக்களும் தாதியரும் வைத்தியர்களும் ஆண்டுக்கு ஒரு நாள் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடும் அவர்களுடைய தாய்மாரோடும் சேர்ந்து இருக்கட்டும். தாய்மார் வருவது மிக அவசியம். அவர்களில் பலருக்கும் இது முதல் பாடமாக இருக்கும்.

மடம் டு கூத்ரே துணியும் பஞ்சும் கொண்டு செய்ததை நாம் பிளாஸ்டிக்கும் தமிழும் கொண்டு செய்யலாம். பெட்டி வந்து சேரும்போது பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். அதில் ஏதாவது தனிப் பொதி இருந்தால் அதையும் அன்றே பிரித்து, மற்றத் துண்டுகளோடு சேர்த்து மேசையில் வையுங்கள்.